மூத்தவள் குட்டி போட்ட கோடை

நியூசிலாந்தில் பாம்பு கிடையாது என்பதுதான் அந்த நாட்டைப் பற்றி நான் சந்தோஷமாகக் கேட்ட முதல் செய்தி. கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தபோது யாரோ சொன்னார்கள். காட்டிலும் இல்லை, வயலிலும் இல்லை, வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டாலும் அரசாங்கம் விடாது என்றார்கள். வேலை கிடைக்குமா, குளிரைத் தாங்குவோமா என்றிருந்த கவலையெல்லாம் அதோடு பாதியாகிவிட்டது. காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் இறங்கினால், மழைக்காலத்தில் எங்களுக்கு முன்பே அங்கே ஒன்று வந்து சுருண்டு கிடக்கும். மேலே ஏறவும் முடியாது, உள்ளே இருக்கவும் முடியாது. அப்படி ஒரு மத்தியானத்தை நான் கழித்திருக்கிறேன். அதன்பிறகு கயிறு கிடந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

அதனால், ஆக்லாந்துக்கு வந்து இரண்டாவது கோடையில், பக்கத்து யூனிட் அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டி அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு முதலில் அந்தப் பங்கர்தான் ஞாபகம் வந்தது.

நாங்கள் அப்போது ஹில்ஸ்பரோவில் இருந்தோம். ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று யூனிட்டுகள். கடைசி யூனிட் எங்களுடையது, வாடகைக்கு. நடு யூனிட் அக்காவுடைய சொந்தம். மலேசியாக்காரர், ஈப்போ. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கூடத்து நர்ஸ். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்யவில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டி, ஒரு பழைய வான் வண்டியை ஓட்டிக்கொண்டு திரிவார். கூரையோரத் தண்ணீர்ப் பீலியில் இலை அடைத்தால் தானே ஏணி வைத்து ஏறுவார். எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமைகளில் ஒரு பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பூசை வைப்பார்கள். அங்கே அவரைப் பற்றி ஒரு கதை உலவியது. “உங்கட பக்கத்து வீட்டு மலேசியாக்காரி பாம்பு வளக்கிறாவாம், உண்மையோ?” என்று ஒரு பெண் என்னைக் கேட்டிருந்தார். “இந்த நாட்டிலை ஏலாதாமே” என்று சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றினேன். உண்மையில் எனக்கும் தெரியாது. அவருடைய வரவேற்பறைத் திரை எப்போதும் பாதி மூடியிருக்கும். உள்ளே ஒரு மஞ்சள் வெளிச்சம் எரியும்.

“தங்கச்சி, பசியாறியாச்சா?” என்றார் அன்றைக்கும். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை அவர்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள் என்பது எனக்குப் புரியவே சில மாதங்கள் ஆகியிருந்தன.

“ஓம் அக்கா.”

“அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துருச்சு லா. அண்ணன் போன் பண்ணான். நான் போயிட்டு ஒரு மாசத்துல வந்துடுவேன். அதுவரைக்கும் எம்பிள்ளைங்களப் பாத்துக்கணும். உன்னால முடியுமா?”

பிள்ளைகள் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பயணப்பெட்டி வாசலில் பாதி அடுக்கிய நிலையில் திறந்து கிடப்பது வேலிக்கு மேலால் தெரிந்தது.

“ஓம் அக்கா, பாக்கலாம்” என்றேன்.

அன்று பின்னேரமே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வரவேற்பறையின் ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி அலுமாரி. பேக்கரிகளில் கேக் அடுக்கி வைப்பார்களே, அந்த மாதிரி. மூடிப்போன ஒரு கடையிலிருந்து வாங்கி, நடுவில் பலகை வைத்துப் பிரித்து, விளக்குப் பூட்டி, எல்லாம் தன் கையாலேயே செய்திருந்தார். தரையில் மணலும் மரப்பட்டையும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று கிடந்தது.

பாம்பு இல்லை. ஆனால் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கவில்லை. அது அரணை, ஆஸ்திரேலிய இனம். ஊரில் எங்கள் வீட்டு வேலியோரம் விரல் நீளத்தில் ஓடும் அதே அரணைதான், ஆஸ்திரேலியாவில் சாப்பிட்டு வளர்ந்து இந்த அளவுக்கு வந்ததுபோல் இருந்தது. ஊரில் சிலர் பாம்பைவிட அரணைக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். பெரியது என் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீளம். நடு உடம்பு புட்டுக்குழல் பருமன். அந்த உடம்புக்கு நான்கு குட்டிக் கால்கள், செய்து முடித்தபிறகு ஞாபகம் வந்து ஒட்டிவிட்டதுபோல. சாம்பல் நிறத்தில் கரும்பட்டைகள் ஓடின. கண்ணிலிருந்து காதுவரை மை தீட்டியதுபோல் ஒரு கோடு. நான் கிட்டப் போனதும் வாயைத் திறந்து நாக்கை நீட்டியது. நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்குப்போல் அப்படியொரு நீலம்.

“இவ மூத்தவ. அந்தப் பக்கம் இளையவன்” என்றார் அக்கா. “எனக்குப் பாம்பு வளக்கத்தான் ஆசை. இங்க விட மாட்டாங்க. சரி, கால் இருந்துட்டுப் போகட்டும்னு இதுங்கள எடுத்தேன்.”

“கடிக்காதா அக்கா?”

“கடிச்சா வலிக்கும். விஷமெல்லாம் இல்ல. நீ மொதல்ல கையைச் சுடுதண்ணியில காட்டிட்டு வா. ஜில்லுன்னு தொட்டா அவளுக்குப் பிடிக்காது.”

நான் கை கழுவும் சாக்கில் குசினியில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை. திரும்பி வந்ததும் என் கையைப் பிடித்து மூத்தவளின் வயிற்றுக்கடியில் கொண்டுபோனார். “அடியில குடு. நாலு காலும் உன் கை மேல நிக்கணும். கால் தொங்குச்சுன்னா விழுந்துடுவோம்னு பயந்துடுவா. அவ்வளவுதான் விஷயம்.”

தூக்கினேன். குளிர்ந்திருக்கும், வழுக்கும் என்று நினைத்திருந்தேன். இஸ்திரி போட்டு மடித்து வைத்த துணிபோல் சூடாகவும் காய்ந்தும் இருந்தது. உள்ளே மூச்சு ஏறி இறங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. மூத்தவள் திமிறவில்லை. என் மணிக்கட்டில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

“கொஞ்சம் குண்டாயிட்டா” என்றார் அக்கா, வயிற்றைப் பார்த்துக்கொண்டு. “போன வருஷமும் இப்படித்தான். சாப்பாட்டக் கொஞ்சம் கொறச்சுக் குடு.”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மங்கரேயில், விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை. எவ்வளவு பாரமான பெட்டியையும் அலுங்காமல் இறக்குவார். ஆனால் குளியலறையில் சிலந்தி தெரிந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்.

“நீர் ஓம் எண்டு சொல்லிப்போட்டீரோ?”

“அவவின்ர தகப்பனுக்கு ஏலாதாம். என்னண்டு இல்லையெண்டு சொல்லுறது?”

“உதுகள் கண்ணாடிக்குள்ளைதானே கிடக்கும்?”

“துப்பரவாக்கேக்கை வெளியிலை எடுக்க வேணும்.”

அவர் சாப்பாட்டை ஒதுக்கி வைத்தார். “அப்ப நான் வாசலிலை நிக்கிறன். ஏதும் நடந்தால் கூப்பிடும்.”

சொன்னபடியே நின்றார். முதல் வாரம் முழுக்க நான் அக்கா வீட்டுக்குள் வேலை பார்க்க, அவர் கையில் கூட்டுகிற தும்புத்தடியோடு வாசல்படியில் நின்றார். நான் எதையாவது கீழே போட்டால், “என்னப்பா, என்ன?” என்று குரல் மட்டும் உள்ளே வரும்.

சாப்பாட்டு விஷயம் வேறு. வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடச் சேர்க்காத நான், அந்த வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குத் தோய்ந்துவிட்டு நாய்க்கான இறைச்சி அடைத்த தகர ரின் ஒன்றை உடைத்துக்கொண்டு நின்றேன். அவித்த முட்டை, வாழைப்பழம், தோட்டத்தில் முளைக்கும் மஞ்சள்பூக் கீரை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கலந்து கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட அவர்களுக்குப் பிடித்தது நத்தை. அதற்காகவே அக்கா தன் தோட்டத்தில் மருந்து அடிப்பதில்லை. பனி காயுமுன் எழுந்து, நீலப்பூச் செடிகளின் இலை இடுக்குகளில் கைவிட்டுத் தேடுவேன். முதலில் ஒரு குச்சியால் தட்டி விழுத்தினேன். பிறகு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பிடித்தேன். இரண்டாவது வாரத்தில் வெறுங்கையால் மாங்காய் ஆய்வதுபோல் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

மூத்தவள் நத்தை தின்பதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேனோ தெரியாது. வைத்தவுடன் பாயமாட்டாள். தலையை ஒருபக்கமாகச் சரித்து, ஒரு கண்ணால் பார்ப்பாள். நாக்கை நீட்டி மணம் பார்ப்பாள். பிறகு வாயில் எடுத்து, தாடையின் பின்பக்கத்துக்குத் தள்ளி, ஒரே அழுத்து. பாக்குச் சீவும்போது வரும் சத்தம். அதன்பிறகுதான் எனக்குப் பிடித்த இடம் வரும். ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக நாக்கால் ஒதுக்கி வெளியே தள்ளுவாள். ஒரு துண்டும் உள்ளே போகாது. முடிந்ததும் வாயின் இருபக்கத்தையும் மரப்பட்டையில் துடைத்துக்கொள்வாள். ஒரு விருந்தில் அப்படிச் சுத்தமாகச் சாப்பிடுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

எனக்கு விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டி அடுக்க வேண்டும். நாள் முழுக்க ஓடும் பட்டியின் சத்தமும், பின்னோக்கி எடுக்கும் வண்டியின் எச்சரிக்கைச் சத்தமும் வீட்டுக்கு வந்தபிறகும் காதுக்குள் நிற்கும். முன்பெல்லாம் வந்ததும் படுத்துவிடுவேன். அந்தக் கோடையில் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். விளக்கின் முன்னால் ஒரு குட்டி ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்து பார்ப்பேன். பெரிதாக ஒன்றும் நடக்காது. மூத்தவள் வெயில் காய்வதுபோல் விளக்கின் கீழ் உடம்பைத் தட்டையாக்கிக் கிடப்பாள். சூடு போதுமென்றால் எழுந்து நிழலுக்குப் போவாள். வேண்டுமென்றால் திரும்ப வருவாள். தனக்கு என்ன வேண்டும் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஓர் உயிரைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு ஓய்வாக இருந்தது.

ஒருநாள் இளையவன் தோல் கழற்றினான். மூக்கு நுனியில் வெடித்து, கல்லில் உரசி உரசி, கால்விரல்களை ஒவ்வொன்றாக உறையிலிருந்து இழுப்பதுபோல் இழுத்தான். உள்ளிருந்து வந்த புதுத்தோல் எண்ணெய் பூசியதுபோல் மின்னியது. நான் ஓடிப்போய்க் கணவரைக் கூப்பிட்டேன். அவர் தும்புத்தடியை வாசலில் சாத்திவிட்டு முதன்முறையாக உள்ளே வந்தார். கண்ணாடியிலிருந்து நாலடி தள்ளி நின்று, “அப்பாடி, என்ன வேலை செய்யிறான் பாரும்” என்றார்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு எடுப்பார். நான் அங்கே காத்திருப்பேன். அப்பாவுக்கு வலப்பக்கம் வராது, பேச்சுக் குழறுகிறது, ஆனால் ஆளைத் தெரிகிறது என்றார். தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அக்காதான்.

“அப்பாவுக்கு உங்கட பிள்ளையளைப் பற்றித் தெரியுமோ அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. “அப்பாவுக்கா? பாம்புன்னா உயிரே போயிடும் லா அவருக்கு. எஸ்டேட் வீட்டுக்குள்ள பாம்பு வந்தா, அவரு மேசை மேல ஏறிக்குவாரு. நான்தான் குச்சியில தூக்கிட்டுப் போயி ரப்பர் மரத்துப் பக்கம் விடுவேன். பத்து வயசு இருக்கும் எனக்கு. மேசை மேல நின்னுக்கிட்டே, பாத்து, பாத்துன்னு கத்துவாரு. என்னையப் பாக்கச் சொல்றாரா, பாம்பப் பாக்கச் சொல்றாரான்னே தெரியாது.”

பத்து வயதுப் பெண் ஒருத்தி குச்சியில் பாம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து போவது எனக்குக் கண்ணில் அப்படியே தெரிந்தது. இந்த மனுஷியைப் பற்றித்தான் மண்டபத்தில் குசுகுசுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெப்ரவரி நடுப்பகுதியில் மூத்தவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். நத்தையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மணலைத் தோண்டுவதும், தோண்டிய இடத்தில் படுப்பதும், உடனே எழுந்து வேறு மூலைக்குப் போவதுமாக இருந்தாள். நான் கைவைத்தால் சீறினாள். என் மணிக்கட்டில் தாடை வைத்துத் தூங்கியவள் இப்படிச் சீறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பாட்டைக் குறைத்துப் பழுதாக்கிவிட்டேனோ, நத்தையில் யாருடைய மருந்தாவது இருந்ததோ என்று ஏதேதோ யோசித்தேன். தொலைபேசி அட்டை ஒன்றை வாங்கி ஈப்போவுக்கு அழைப்பு எடுத்தேன். அக்காவின் அண்ணி எடுத்தார். அக்கா ஆஸ்பத்திரியில் என்றார். “மூத்தவள் சாப்பிடுறாளில்லை எண்டு சொல்லுங்கோ” என்று சொல்லி வைத்தேன். யார் மூத்தவள் என்று அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

அடுத்த நாள் சனிக்கிழமை. எனக்கும் கணவருக்கும் வேலை இல்லை. காலையில் நான் கதவைத் திறந்து உள்ளே போனபோது, மூத்தவளுக்குப் பக்கத்தில் மணலில் ஏதோ நெளிந்தது. எலி உள்ளே புகுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். என் சுண்டுவிரல் பருமனில் ஓர் அரணை. ஈரமாக, பட்டைகளோடு, கண்ணிலிருந்து காதுவரை அதே மைக்கோட்டோடு. என்னைக் கண்டதும் வாயைத் திறந்து நீல நாக்கை நீட்டி மிரட்டியது. பிறந்து அரைமணிநேரம்கூட ஆகியிருக்காது.

“இஞ்சை வாங்கோ! கெதியா ஓடி வாங்கோ!” என்று கத்தினேன்.

அவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஓடிவந்தார். “கடிச்சுப்போட்டுதோ?”

“குட்டி! குட்டி போட்டிருக்கு!”

“முட்டையெல்லோ போடவேணும்?”

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூத்தவள் வாலைத் தூக்கி, உடம்பை ஒருமுறை இறுக்கினாள். மெல்லிய சவ்வுக்குள் சுருண்டபடி இன்னொன்று வந்து விழுந்தது. ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்தது. பிறகு உள்ளிருந்து மூக்கால் முட்டிச் சவ்வைக் கிழித்துத் தலையை வெளியே நீட்டி, சுற்றிப் பார்த்தது. யாரும் உதவவில்லை. தாய் திரும்பியும் பார்க்கவில்லை. அது தன் சவ்வைத் தானே தின்றுவிட்டு நடக்கத் தொடங்கியது. என் பக்கத்தில் நின்றவர் நாலடித் தூரத்தை மறந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அக்காதான். அண்ணி செய்தியைச் சொல்லியிருக்கிறார்.

“சாப்பிடலையா அவ? எத்தன நாளா?”

“அக்கா, குட்டி போடுறாள்! இப்ப, இஞ்சை, எனக்கு முன்னாலை!”

“ஐயோ, எங்கம்மா” என்றார் அக்கா. “வசந்தத்துல ரெண்டு பேரையும் கொஞ்சநாள் சேத்து விட்டிருந்தேன். ஒண்ணும் ஆகலன்னு நினைச்சேனே. தங்கச்சி, நல்லாக் கேளு. குட்டிங்கள உடனே தனியா எடுக்கணும். களைச்சுப் போயிருப்பா. பசி வந்துச்சுன்னா தம்பிள்ளன்னு பாக்க மாட்டா.”

தொலைபேசி குசினிச் சுவரில் இருந்தது. அதன் வயர் வரவேற்பறை வாசல்வரைதான் எட்டியது. நான் அந்த வாசலில் நின்றுகொண்டு கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“குட்டியளை எடுக்கட்டாம்” என்றேன்.

“ஆரை எடுக்கச் சொல்லுறா?”

“உங்களைத்தான். கையைச் சுடுதண்ணியிலை காட்டிப்போட்டு வாங்கோ.”

அவர் தும்புத்தடி சாத்தியிருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு போய்க் கையைக் காட்டிவிட்டு வந்து, கண்ணாடியைத் தள்ளித் திறந்து, கையை உள்ளே விட்டார். மூத்தவள் சீறினாள். அவர் கையை எடுக்கவில்லை. அக்கா சொல்வதை நான் சொல்ல, நான் சொல்வதை அவர் செய்தார். அடியில் கை கொடுங்கோ. கால் தொங்கக்கூடாது. இறுக்கக்கூடாது. அவருக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விமானத்திலிருந்து உடையும் சாமான் இறக்கும் அதே கை. முதல் குட்டி அவருடைய உள்ளங்கைக்கு வந்தது. அது அவரையும் நாக்கு நீட்டி மிரட்டியது.

“வாங்கோ ராசா, வாங்கோ. கோவிக்காதேங்கோ” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னா, என்னா ஆச்சு?” என்று அக்கா கத்திக்கொண்டிருந்தார்.

நியூசிலாந்தில் எல்லா வீட்டிலும் காலி ஐஸ்கிரீம் டப்பாக்கள் குவிந்து கிடக்கும். அக்கா வீட்டிலும் கிடந்தன. மூடியில் துளை போட்டு, ஈரத்துணி விரித்து, டப்பாவுக்கு இரண்டாகக் குட்டிகளை விட்டோம். மத்தியானம் திரும்பும்வரை வந்துகொண்டே இருந்தன. எல்லாமாக எத்தனை என்று எண்ணினோம். அவருக்குப் பன்னிரண்டு வந்தது, எனக்குப் பதினொன்று. திரும்ப எண்ணினால் மாறி வந்தது. ஒன்று மரப்பட்டைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டிருந்ததைப் பிறகுதான் கண்டோம். ஒன்று அசையாமலே பிறந்தது. அதை அவரே கொண்டுபோய் நீலப்பூச் செடிக்கடியில் புதைத்தார். பின்னேரம் மூத்தவளுக்கு ஒரு நத்தை வைத்தேன். தலையைச் சரித்துப் பார்த்தாள், எடுத்தாள், அதே பாக்குச் சத்தம். ஓட்டை ஒவ்வொரு துண்டாக வெளியே தள்ளினாள். அன்று அவளுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததோ.

அடுத்த ஞாயிறு அக்கா எடுத்தபோது, குட்டிகளைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன் என்றார். அப்பா வெகுநேரம் முயன்று ஒரு வசனம் சொன்னாராம். “நல்ல வேள, நான் அங்க இல்ல.” நோய் வந்தபிறகு அவர் முழுதாகச் சொன்ன முதல் வசனம் அதுதான். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அழுதார். அதன்பிறகு தினமும் காலையில் அப்பா இடது கையை விரித்து, குட்டிகள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று விரலால் கேட்பாராம்.

ஒரு மாதம் நீண்டுகொண்டே போனது. முட்டையை மஞ்சாடி விதை அளவுக்கு நறுக்குவதும், சின்ன நத்தைகளாகத் தேடுவதும், ஒன்றின் வாலை ஒன்று கவ்வாமல் பிரிப்பதும் எங்கள் இருவருக்கும் வேலையாகிவிட்டது. கணவர் வேலையிலிருந்து வந்ததும், நான் அடுப்பை மூட்டுமுன் அக்கா வீட்டு விளக்கு எரியும். எனக்கு அந்தக் குட்டிகளின் துணிச்சல்தான் தீராத ஆச்சரியம். கட்டைவிரல் நீளம்கூடத் தலையில்லை, என் முழு உருவமும் மேலே கவிந்து நிற்கிறது, ஆனாலும் பின்வாங்காமல் வாயைத் திறந்து நீலத்தைக் காட்டும். நானும் கணவரும் அதைப் பார்த்துச் சிரிப்போம். தனியாக இருக்கும்போது எனக்குச் சிரிப்பு வராது, பங்கருக்குள் கழித்த மத்தியானம்தான் ஞாபகம் வரும்.

செய்தி மண்டபத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பாம்பு உண்மையோ என்று கேட்ட அதே பெண், ஒரு சனிக்கிழமை தன் இரண்டு பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றார். “சும்மா ஒருக்கால் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள். இதுகள் விடுகுதுகள் இல்லை.” பிள்ளைகள் தூக்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். கையைச் சுடுதண்ணியில் காட்டிவிட்டு வரச் சொன்னேன். கடைசியில் தாயும் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். குட்டி அவர் வளையலுக்குள் தலையை விட்டுக்கொண்டது. அவர் மூச்சுவிடாமல் நின்றார். “எவ்வளவு வடிவா இருக்கு” என்றார் மெதுவாக. அதன்பிறகு வாராவாரம் யாராவது வந்தார்கள். நாட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் என்னைத் தேடி அத்தனை பேர் வந்தது அப்போதுதான்.

மார்ச் கடைசியில் அக்காவின் அப்பா இறந்துபோனார். தூக்கத்திலேயே. அக்கா காரியங்களை முடித்துக்கொண்டு ஏப்ரலில் திரும்பினார். கணவர் வேலை முடிந்து விமான நிலையத்திலிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா மெலிந்துபோயிருந்தார். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றி, கைகழுவி, நேரே தரையில் உட்கார்ந்தார்.

முதலில் மூத்தவளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கழுத்திலிருந்து வால்வரை ஒருதரம் தடவினார். பிறகு டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு குட்டியையும் தூக்கி, கால்விரல் பார்த்து, வால் நுனி பார்த்து, வாயோரம் பார்த்து வைத்தார். ஆஸ்பத்திரியில் அவர் எப்படி வேலை செய்வார் என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன். அவ்வளவு துக்கத்திலும் ஒரு குட்டியைக்கூட அவசரமாகப் பார்க்கவில்லை.

“ஒண்ணுகூட விரல் கொறையல” என்றார். “நான் வளத்திருந்தாலும் இவ்வளவு சுத்தமா வளத்திருப்பேனான்னு தெரியல.” பிறகு கடைசி டப்பாவிலிருந்ததை மறுபடி எடுத்தார். “ஆனா இது மட்டும் குண்டு. யாரு இதுக்கு ரெண்டு தடவ சோறு போட்டது?”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது கொஞ்சம் மெலிஞ்சு கிடந்தது அக்கா” என்றார் கடைசியில். “மற்றதுகள் தள்ளிப்போட்டுத் திண்டுபோடுங்கள்.”

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். ஈப்போவிலிருந்து வந்தபின் அவர் சிரித்தது அப்போதுதான்.

குளிர் தொடங்குமுன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். யாருக்குக் கொடுத்தாலும் முதலில் அவர்களைத் தரையில் உட்காரவைத்து, கையில் வைத்துத் தூக்கச் சொல்லிப் பார்த்தபிறகே கொடுத்தார். இரண்டு பேரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். மண்டபத்துப் பெண்ணின் பிள்ளைகளுக்கு ஒன்று கிடைத்தது. மிச்சமிருந்த அந்தக் குண்டுக்குட்டியை எங்களுக்குத் தருவதாக அக்கா சொன்னபோது, வாடகை வீடு, இடம் போதாது என்று நான் சொல்லத் தொடங்கினேன்.

“ஒரு நிமிஷம் பொறும்” என்றார் கணவர். வெளியே போய்க் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். திரும்பி வரும்போது இரண்டு கையாலும் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒனெஹங்காவில் பழைய சாமான் கடையில் வாங்கினாராம். எப்போது வாங்கினார் என்று கேட்டேன். சொல்லவில்லை. தொட்டிக்குள் மணலும் ஒரு வளைந்த மரக்கட்டையும் ஏற்கெனவே இருந்தன. வீட்டுக்காரரிடமும் கேட்டாகிவிட்டது என்றார்.

அந்தக் குண்டுக்குட்டி எங்களோடு அந்த யூனிட்டிலும், பிறகு வாங்கிய வீட்டிலும் பலகாலம் இருந்தது. கணவர் இரவுவேலை முடிந்து காலையில் வந்ததும், மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கையைச் சுடுதண்ணியில் காட்டிவிட்டுத் தொட்டியின் முன்னால் உட்காருவார். அது எழுந்து வந்து அவர் கைமேல் ஏறும். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டே கேட்பேன். விமான நிலையத்தில் அன்றைக்கு என்ன வந்தது, என்ன போனது, யார் லீவு என்று எல்லாவற்றையும் அதற்குத்தான் முதலில் சொல்லிக்கொண்டிருப்பார்.